தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் எக்செல்ல ஏத்தி நெட்வொர்க் போட்டேன், தஞ்சாவூர் நடுவுல ஒரு நட்சத்திரம் மட்டும்தான் வருது, இதை எப்படிப் படிக்கிறது?

குடமுருட்டி:

எல்லாருக்கும் வணக்கம். நான் வரலாறு படிச்சவ இல்ல, பேங்க்ல வேலை, ஆனா கல்வெட்டுன்னா உயிர். ஆறு மாசமா ஞாயித்துக்கிழமைகள்ல உக்காந்து தஞ்சை பெரிய கோயிலோட தளிச்சேரிக் கல்வெட்டை, அதான் தென்னிந்தியக் கல்வெட்டுகள் ரெண்டாம் தொகுதில 66-ஆம் எண்ணா இருக்கே அதை, வரி வரியா எக்செல்ல ஏத்தி முடிச்சிட்டேன். தெரியாதவங்களுக்காக சொல்றேன், ராஜராஜன் தன்னோட 29-ஆம் ஆட்சியாண்டு வாக்குல, அதாவது 1014 பக்கம், மத்த ஊர்த் தளிகள்ல, அதாவது கோயில்கள்ல, பணி செஞ்ச 400 பெண்களைக் கொண்டுவந்து பெரிய கோயிலைச் சுத்தி தளிச்சேரிங்கற தெருக்கள்ல குடி வச்சான், ஒவ்வொருத்தருக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் நூறு கலம் நெல்லு. ஒவ்வொரு பெண்ணோட பேரு, எந்த ஊரு, அந்த ஊர்ல எந்தத் தளி, இப்ப எந்தத் தெருவுல எந்தச் சிறகுல (தெருவோட ஒரு பக்கத்து வீட்டு வரிசை) எத்தனாவது வீடு, எல்லாம் கல்லுல இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி 400 பொண்ணுங்களோட பேரும் வீட்டு நம்பரும் நமக்குக் கிடைச்சிருக்குங்கறதை நினைச்சா எனக்கு இன்னும் சிலிர்க்குது.

சரி விஷயத்துக்கு வரேன். இதை ஜெஃபி சாஃப்ட்வேர்ல போட்டேன், ஊர் எல்லாம் நோட், அதாவது புள்ளி, ஒரு ஊர்ல இருந்து தஞ்சாவூருக்கு வந்த பெண்கள் எண்ணிக்கைய எட்ஜோட, அதாவது கோட்டோட, கனமா வச்சேன். வந்த படம் ஒரு நட்சத்திரம். நடுவுல தஞ்சாவூர், சுத்தி திருவாரூர், பழையாறு, திருவையாறு, நாகப்பட்டினம், பாச்சில்னு எல்லா ஊரும் ஒவ்வொரு கோட்டுல தொங்குது. எந்தப் புள்ளி எவ்வளவு மையமா இருக்குன்னு பாக்கற சென்ட்ராலிட்டி கணக்கு போட்டா தஞ்சாவூருக்கு மட்டும் ஃபுல்லா வருது, பிட்வீன்னெஸ், அதாவது மத்த புள்ளிகளுக்கு இடையில உள்ள குறுக்கு வழிகள்ல ஒரு புள்ளி எவ்வளவு நடுவுல வருதுங்கற அளவு, மத்த எல்லா ஊருக்கும் ஜீரோ.

என் சந்தேகம் என்னன்னா, இதை வச்சு "சோழர் காலத்துல தஞ்சாவூர்தான் கோயில் வலைப்பின்னலோட மையம்"னு எழுதலாமா, ஒரு சின்ன பத்திரிகைக்கு கட்டுரை கேட்டிருக்காங்க. இன்னொன்னு, ஊரை நோடா வைக்கணுமா தளியை நோடா வைக்கணுமா, ஏன்னா பழையாத்துல மட்டும் வடதளி, முள்ளூர் நக்கன் தளின்னு பல தளிப் பேரு வருது. தப்பா இருந்தா தயங்காம சொல்லுங்க.

கல்வெட்டுப்படி:

அக்கா முதல்ல கைகொடுங்க, 400 வரியும் ஏத்துறது சாதாரண வேலை இல்ல, அதுவும் வேலைக்குப் போயிக்கிட்டே.

ஆனா அந்த வாக்கியத்தை எழுதாதீங்க. நட்சத்திரம் வந்தது தஞ்சாவூர் மையமா இருந்ததால இல்ல, கல்லு தஞ்சாவூர்ல இருக்கறதால. அந்தக் கல்வெட்டுல வர்ற ஒவ்வொரு வரியும் "இந்த ஊர்ல இருந்து இங்க" அப்படிங்கற ஒரே அமைப்புதான், அதை எந்த சாஃப்ட்வேர்ல போட்டாலும் நட்சத்திரம்தான் வரும், வேற எதுவும் வரவே வழி இல்ல. இதே மாதிரி ஒரு கல்வெட்டு திருவாரூர்ல வெட்டியிருந்தா திருவாரூர் நடுவுல உக்காந்திருக்கும். அப்ப அந்தப் படம் ஆவணத்தோட வடிவத்தைக் காட்டுது, நாட்டோட வடிவத்தை இல்ல. கல்வெட்டை வச்சு நெட்வொர்க் போடுற எல்லாருமே முதல் தடவை இதுல விழுவாங்க, நானும் விழுந்தேன்.

அடுத்து, உங்க கோட்டுக்கு என்ன அர்த்தம்னு ஒரு வாக்கியத்துல எழுதிப் பாருங்க. கல்வெட்டோட தொடக்கத்துலயே சோழமண்டலத்துத் தளிச்சேரிப் பெண்டுகள்ல இருந்து "கொண்டுவந்து ஏற்றின" பெண்டுகள்னு வருது இல்லையா, அந்த வார்த்தைதான் சாவி. இது ரெண்டு கோயில் தங்களுக்குள்ள வச்சுக்கிட்ட உறவு இல்ல, மேலருந்து வந்த ஆணை. எல்லைய கூட முன்னாடியே போட்டாச்சு, சோழமண்டலம்னு. அதனால படத்துல பாண்டிநாட்டு ஊரோ தொண்டைமண்டலத்து ஊரோ பெருசா தெரியலன்னா அந்த ஊர்களோட தொடர்பு இல்லன்னு சொல்ல முடியாது, எடுக்கும்போதே அங்க கை வைக்கலன்னுதான் அர்த்தம்.

ஊரா தளியா கேட்டீங்க. தளியை வைங்க, ஊரைத் தனி காலம்ல வச்சுக்கங்க. தளியில இருந்து ஊருக்கு எப்ப வேணா கூட்டிக்கலாம், ஊரா ஏத்திட்டா திரும்பப் பிரிக்க முடியாது. லோகமாதேவி ஈச்வரம் ராஜராஜனோட ராணி பேர்ல எழுந்த கோயில், அது திருவையாத்துலயே பழைய ஐயாறப்பர் பக்கத்துலயே இருக்கு, ரெண்டையும் ஒரே புள்ளியா வச்சா அரச குடும்பம் கட்டின கோயில்ல இருந்து எத்தனை பேர், பழைய தலத்துல இருந்து எத்தனை பேர்ங்கற நல்ல கேள்வியே செத்துரும்.

அப்புறம் பேர். 400 பேர்ல அநேகமா எல்லாருக்கும் முன்னாடி நக்கன்னு வரும், அதை வச்சு சொந்தக்காரங்கன்னு கோடு போட்டுறாதீங்க. ஒரே பேர்ல ஒண்ணுக்கு மேல பெண்கள் இருப்பாங்க, வீட்டு எண்ணைச் சேர்த்து ஐடி கொடுங்க. இதுக்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு, ஒரே ஆளு பல பேர்ல வருவாரு. பெரிய கோயில்லயே ஸ்ரீகாரியம், அதாவது கோயில் நிர்வாகம், பாத்த ஆதித்தன் சூரியன் இருக்காரே, அவரே பொய்கைநாடு கிழவன், அவரே தென்னவன் மூவேந்தவேளான். எக்செல்லுக்கு இது தெரியாது, மூணு நோட் ஆக்கிரும். மூவேந்தவேளான்ங்கறது பட்டம், ராஜா மாறினா முன்னாடி ஒட்டுற பேரும் மாறும். நொபோரு கராஷிமாவும் சுப்பராயலு ஐயாவும் மாட்சுயியும் சேர்ந்து 1978-ல சோழர் கல்வெட்டுப் பேர்களுக்கு மூணு தொகுதி அகரவரிசை போட்டாங்க பாருங்க, அந்த மாதிரி பேரைப் பேரைப் பிரிச்சு அடுக்குன உழைப்பு இல்லாம இங்க எந்த நெட்வொர்க்கும் நிக்காது.

நோட்_எட்ஜ்:

நான் சாஃப்ட்வேர் பக்கம், வரலாறு ஆர்வம். மேல சொன்னதோட ஒரு நல்ல உதாரணத்தையும் சேர்க்கறேன், ஏன்னா "எல்லாம் தப்பு"ன்னு மட்டும் கேட்டா கைவிட்டுறத் தோணும், இந்த முறை நிஜமாவே வேலை செஞ்ச இடங்கள் இருக்கு.

இத்தாலில ஃப்ளோரன்ஸ் நகரம், 15-ஆம் நூற்றாண்டு, மெடிசி குடும்பம். 1993-ல பாட்ஜெட், ஆன்செல்னு ரெண்டு பேர் எழுதின கட்டுரை. அந்த டேட்டா ஒரு சின்ன வடிவத்துல பைதான்ல நெட்வொர்க் போடுற நெட்வொர்க்எக்ஸ் தொகுப்புக்குள்ளயே இருக்கு, யாரு வேணா போட்டுப் பாக்கலாம், 15 குடும்பம், 20 கல்யாணத் தொடர்பு. 1427 வரிக் கணக்குப்படி ஸ்ட்ரோஸி குடும்பம் மெடிசியை விட பணக்காரங்க. கல்யாணத் தொடர்பு எண்ணிக்கையில மெடிசிக்கு 6, ஸ்ட்ரோஸிக்கு 4, அப்படி ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா பிட்வீன்னெஸ் போட்டா மெடிசிக்கு 0.52, அடுத்து வர்ற குவாடாக்னிக்கு 0.25தான். அதாவது ஏதோ ரெண்டு குடும்பம் ஒருத்தரை ஒருத்தர் எட்டணும்னா பாதிக்கு மேல மெடிசி வாசல் வழியாத்தான் போகணும்.

ஏன் அப்படிங்கறதுதான் அந்தக் கட்டுரையோட அழகு. மெடிசி கல்யாணம் பண்ணது ஒரு கூட்டத்தோட, வேற பேட்டைல இருந்த பழைய பெரிய குடும்பங்க, வியாபாரம் பண்ணது இன்னொரு கூட்டத்தோட, தன் பேட்டைல புதுசா மேல வந்தவங்க. அந்த ரெண்டு கூட்டமும் ஒருத்தரோட ஒருத்தர் சேராது, ரெண்டுக்கும் பொதுவா இருந்தது மெடிசி மட்டும்தான். 1434-ல மெடிசி குடும்பத் தலைவர் கோசிமோ நாடுகடத்தப்பட்ட இடத்துல இருந்து திரும்பி வந்து அதிகாரத்தைப் பிடிச்சதுக்கு இது ஒரு விளக்கம். இங்க கவனிங்க, அவங்க கல்யாணத்தை ஒரு கோடா, வியாபாரத்தை இன்னொரு கோடா, கடனை வேற ஒரு கோடா தனித்தனியா வச்சாங்க, எல்லாத்தையும் "தொடர்பு"ன்னு ஒரே பானைல போட்டுக் கலக்கியிருந்தா இது தெரிஞ்சிருக்காது. இன்னொன்னு, ஆவணம் ஒரே ஒரு கல்லு இல்ல, பல குடும்பங்களைப் பத்தி பல இடத்துல இருந்து வந்த தகவல்.

குடமுருட்டி, உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜெஃபில "ஒரே இடத்துல வந்தவங்களை எல்லாம் இணை"ன்னு ஒரு வழி இருக்கும், பெண்களுக்குள்ள கோடு போடத் தோணும். செய்யாதீங்க. 400 பேரும் ஒரே கல்வெட்டுல வர்றதால ஒவ்வொருத்தரையும் ஒவ்வொருத்தரோட இணைச்சா 79,800 கோடு வரும், ஒண்ணுக்கும் அர்த்தம் இருக்காது. கொல்லம் தரிசாப்பள்ளி செப்பேட்டுல 25 சாட்சிக் கையெழுத்து இருக்கு, 849-ஆம் வருஷம், அரபில 11, பஹ்லவிங்கற பழைய பாரசீகத்துல 10, யூத பாரசீகத்துல 4. அங்க சாட்சிக்கு சாட்சி கோடு போட்டா 300 கோடு, ஆனா அங்க அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு, ஒரே கொடைக்கு சாட்சியா நின்னவங்க. முஸ்லிம், சொராஸ்திரியர், கிறிஸ்தவர், யூதர்னு பல மதத்து வணிகர்கள் ஒரே கொல்லத்துத் துறைமுகத்துல ஒரு தேவாலயத்துக்கு விட்ட கொடைக்கு ஒண்ணா கையெழுத்துப் போட்டிருக்காங்க. உங்க கல்வெட்டுல 400 பேரும் ஒண்ணா எதையும் செய்யல, ஒரு பட்டியல்ல இருக்காங்க, அவ்வளவுதான்.

பானையோடு:

அகழாய்வுக் குழியில நிக்கிற ஆளா ஒரு வார்த்தை. எங்களுக்கு பேரும் கிடையாது வீட்டு எண்ணும் கிடையாது, ஓடுதான். அதுலயும் நெட்வொர்க் போடுறாங்க. அமெரிக்காவோட தென்மேற்குப் பகுதி, அரிசோனா பக்கம், 1200-ல இருந்து 1450 வரைக்குமான காலம், பார்பரா மில்ஸ் குழு 2013-ல வெளியிட்டது. 700-க்கும் மேல இடங்கள், 8 லட்சத்துக்கும் மேல வண்ணம் தீட்டின ஓடுகள், 4,800-க்கும் மேல அப்சிடியன்ங்கற எரிமலைக் கண்ணாடிக் கல்லு. ரெண்டு ஊர்ல கிடைச்ச ஓட்டு வகைகளோட விகிதம் எவ்வளவு ஒத்துப் போகுதுன்னு பிரெய்னர்ட் ராபின்சன் அளவு போடுவாங்க, கொஞ்சமும் ஒத்துப்போகலன்னா 0, அச்சு அசலா ஒண்ணா இருந்தா 200. அப்படி ஒத்துப் போற ஊருக்குள்ள கோடு.

அதுல என்னைக் கட்டிப்போட்ட விஷயம், பக்கத்து ஊரை விட ரொம்ப தூரத்து ஊரோட ஒத்துப் போற இடங்கள் இருந்துச்சு, தூரமும் உறவும் ஒண்ணு இல்ல. வடக்குல இருந்து ஜனங்க இடம் பெயர்ந்து தெக்க வந்த காலம் அது, கொண்டு வந்த பழக்கம் பானைல தெரியுது. இதை மேப்ல வட்டம் போட்டு "இது ஒரு பண்பாடு, அது ஒரு பண்பாடு"ன்னு பிரிச்சா கண்ணுல படாது.

ஆனா இங்கயும் அதே தொல்லை. எத்தனைக்கு மேல ஒத்துப் போனா கோடு போடுறதுங்கறது நாம வைக்கிற கோடு, 120-ன்னு வச்சா ஒரு படம், 150-ன்னு வச்சா வேற படம். ஒரு படம் மட்டும் போட்டு கட்டுரை எழுதறவங்களை நான் நம்ப மாட்டேன். வேற வேற அளவு வச்சு, பத்து சதவீத இடங்களை குத்துமதிப்பா தூக்கிட்டு திரும்பத் திரும்ப போட்டுப் பாத்து, அப்பவும் மாறாம நிக்கிறது எதுவோ அதைப் பேசணும். ஒரு சின்ன குழியில 40 ஓடு கிடைச்ச ஊரையும் 40 ஆயிரம் ஓடு கிடைச்ச ஊரையும் பக்கத்துல பக்கத்துல வச்சா சின்ன ஊரோட கோடு எல்லாம் காத்துல ஆடும்.

மாதோட்டம்:

நான் யாழ்ப்பாணத்தில இருந்து. பானையோடு சொன்னதுக்கு மேல ஒரு விசயம் சொல்லவேணும், ஏனெண்டா எங்கட பக்கத்தில இது வலிக்கிற விசயம்.

ரூலெட்டட் மட்பாண்டம் எண்டு ஒண்டு இருக்கு, உள்பக்கத்தில சக்கரம் வச்சு அழுத்தின மாதிரி புள்ளி வரிசை. அரிக்கமேட்டில, அனுராதபுரத்தில, பாலித் தீவில செம்பிரான் வரைக்கும் கிடைச்சிருக்கு. இதை வச்சு இந்துமாக் கடல் வலைப்பின்னல் கீறினா மிச்சம் வடிவாத்தான் வரும். ஆனா ஒரு ஓடு கிடைச்ச இடத்துக்கும் அது செய்யப்பட்ட இடத்துக்கும் இடையில கோடு போட்டா, அதுக்குள்ள எத்தினை கை மாறினது, எத்தினை துறைமுகத்தில இறக்கி ஏத்தினது எண்டு ஒண்டும் தெரியாது. எகிப்தில பெரெனிகேயில தமிழ்ப் பிராமி எழுத்தோட ஓடு கிடைச்சது உண்மை, அதுக்காக கப்பல் நேர அங்க போய் இறங்கினது எண்டு அந்த ஓடு சொல்லாது.

மற்றது, இல்லாத புள்ளியளைப் பற்றியும் யோசியுங்கோ. மன்னாருக்குப் பக்கத்தில மாந்தை, எங்கட பழைய மாதோட்டம், பெரிய துறைமுகம். ஜோன் கார்ஸ்வெல் 1980-இல அகழாய்வு தொடங்கினவர், 1984-ஓட போரால நிண்டு போச்சு, பிறகு கிட்டத்தட்ட கால் நூற்றாண்டா ஒருத்தரும் அங்க கிண்டேல்ல. அந்தக் காலத்தில இந்துமாக் கடலைப் பற்றி கீறின எந்தப் படத்திலயும் மாந்தை அதின்ர உண்மையான அளவில இருந்திருக்காது. அது அந்தத் துறைமுகத்தின்ர குறை இல்லை, எங்கட காலத்தில நடந்த போர் ஆயிரம் வருசத்துக்கு முந்தின வணிகத்தின்ர படத்தையே மாத்திப் போட்டுது. ஐந்நூற்றுவர் எண்ட வணிகக் குழுவின்ர கல்வெட்டுகளும் அப்பிடித்தான், பதவியாவில இருக்கு, வாகல்கடையில இருக்கு, அங்கால சுமாத்திராவில லோபு துவாவில 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கு, ஆனா உடைஞ்சு போனது, வீட்டுப் படிக்கல்லா போனது எத்தினை எண்டு ஆரும் சொல்லேலாது. படத்தில கோடு இல்லாத இடம் எல்லாம் உறவு இல்லாத இடம் எண்டு எழுதிப்போடாதேங்கோ.

குடமுருட்டி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி ரெண்டு தடவை படிச்சேன். மாதோட்டம், நீங்க எழுதினதைப் படிச்சதுக்கப்புறம் என் படத்தைத் திரும்பப் பாக்கவே வேற மாதிரி இருக்கு.

கட்டுரைல அந்த வாக்கியத்தை எடுத்துட்டேன். ஆனா நேர்மையா சொல்றேன், கொஞ்சம் மனசு உடைஞ்சும் போச்சு, ஆறு மாசம் ஏத்தின டேட்டாவுல இருந்து நெட்வொர்க்னு ஒண்ணும் வராதா, வெறும் ஊர் வாரியா எண்ணிக்கைப் பட்டியல்தானா?

கல்வெட்டுப்படி:

அக்கா, வீட்டு எண் காலம் எதுக்கு வச்சிருக்கீங்க?

நீங்க ஊருக்கும் தஞ்சாவூருக்கும் நடுவுல இருக்கற கோட்டை மட்டும் பாத்தீங்க. அதே கல்லுக்குள்ள இன்னொரு நெட்வொர்க் இருக்கு, அது நட்சத்திரம் இல்ல. தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி, ஒவ்வொண்ணுலயும் தென்சிறகு, வடசிறகு, தலைவீட்டுல இருந்து வரிசையா ரெண்டாம் வீடு மூணாம் வீடுன்னு போகுது. அடுத்தடுத்த வீட்டுக்காரங்களுக்கு நடுவுல கோடு போடுங்க. இந்தக் கோட்டுக்கு ஒரு வாக்கியத்துல அர்த்தம் சொல்ல முடியும்: "இந்த ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுல குடி வைக்கப்பட்டாங்க." அவ்வளவு தெளிவு போதும்.

இப்ப கேள்வியைப் பாருங்க, ஒரே தளில இருந்து வந்த பெண்களை பக்கத்துப் பக்கத்துல வச்சாங்களா, இல்ல பிரிச்சுப் போட்டாங்களா? சேர்த்து வச்சிருந்தா பழைய ஊர்ப் பழக்கம், சொந்தம், சேர்ந்து கத்துக்கிட்ட பாட்டும் ஆட்டமும் கலையாம வந்து சேர்ந்திருக்கு. பிரிச்சுப் போட்டிருந்தா வேற கதை. பெயர்ந்து வந்த 400 பேரோட வாழ்க்கைல இதுதான் பெரிய விஷயம்னு நான் நினைக்கிறேன், தஞ்சாவூர் மையமா இல்லையாங்கறதை விட.

நோட்_எட்ஜ்:

ஆமா, இதைச் சோதிக்க வழியும் சுலபம். அடுத்தடுத்த வீட்டு ஜோடிகள்ல எத்தனை ஜோடி ஒரே தளின்னு எண்ணுங்க, ஒரு எண் வரும். அப்புறம் வீடுகளை அப்படியே வச்சுட்டு தளிப் பேர்களை மட்டும் சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுப் போட்டு திரும்ப எண்ணுங்க, ஆயிரம் தடவை. நிஜ எண் அந்த ஆயிரத்துலயும் மேல ஒதுங்கி நின்னா சேர்த்து வச்சிருக்காங்கன்னு தைரியமா எழுதலாம், நடுவுல விழுந்தா வரிசைக்கும் தளிக்கும் சம்பந்தம் தெரியலன்னு எழுதலாம், ரெண்டுமே கண்டுபிடிப்புதான். பைதான்ல இருபது வரி, நான் எழுதித் தரேன், நீங்க ஃபைல மட்டும் அனுப்புங்க.

ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க, பெரிய தளில இருந்து நிறைய பேர் வந்திருந்தா தற்செயலாவே பக்கத்துல விழுவாங்க, கலைச்சுப் போடுறது அதைக் கணக்குல எடுத்துக்கும், அதனாலதான் வெறும் எண்ணிக்கை பத்தாது.

குடமுருட்டி:

இது எனக்கு தோணவே இல்ல!! வீட்டு எண் கல்லுல இருந்துச்சு அதனால ஏத்தினேன், அவ்வளவுதான்.

ரெண்டு சந்தேகம். தென்சிறகு கடைசி வீட்டையும் வடசிறகு தலைவீட்டையும் இணைக்கலாமா, எக்செல்ல அடுத்தடுத்த வரிதான் அது. அப்புறம் சில இடத்துல எழுத்து சிதைஞ்சு பேரோ ஊரோ விட்டுப்போயிருக்கு, அந்த வரிய நான் அழிச்சிட்டேன், இப்ப என்ன பண்றது?

கல்வெட்டுப்படி:

இணைக்காதீங்க, சிறகு மாறினா அது தெருவுக்கு அந்தப் பக்கம், கல்லுல அடுத்த வரியா இருக்கறதால பக்கத்து வீடு ஆயிடாது. எதிர் வீடு கோடும் இப்பப் போட வேண்டாம், ரெண்டு சிறகும் ஒரே முனைல இருந்து எண்ணப்பட்டுதான்னு உறுதியாகாம எந்த வீட்டுக்கு எது எதிர்ல வரும்னு சொல்ல முடியாது.

சிதைஞ்ச வரிய திரும்பப் போடுங்க, இது முக்கியம். வரியை அழிச்சா 14-ஆம் வீடும் 16-ஆம் வீடும் பக்கத்து வீடு ஆயிரும். வீடு இருக்கட்டும், தளி காலம் மட்டும் காலியா இருக்கட்டும்.

கட்டுரைல இன்னொரு வரி சேத்துக்கங்க. பங்கு வாங்கினவங்க இறந்தாலோ வேற தேசம் போயிட்டாலோ "அடுத்த முறைகடவார்", அதாவது முறைப்படி அடுத்து உரிமை உள்ளவங்க, அந்தக் காணியைப் பெத்து பணி செய்யணும்னு அதே கல்வெட்டு சொல்லுது. அதாவது நீங்க ஏத்தினது கல்லு வெட்டின நேரத்து நிலவரம், பத்து வருஷம் கழிச்சு அதே வீட்டுல மகளோ தங்கச்சியோ இருந்திருக்கலாம், தெரு மாறாது ஆளு மாறும். அதனால "1014 வாக்குல"ன்னு காலத்தைச் சொல்லிட்டுப் பேசுங்க, "சோழர் காலத்துல"ன்னு பொதுவா வேண்டாம்.

குடமுருட்டி:

சரி, அழிச்ச வரி எல்லாம் பழைய ஃபைல்ல இருக்கு, திரும்ப எடுக்கறேன். இந்த ஞாயிறு தெற்குத் தளிச்சேரி தென்சிறகை முதல்ல சரி பண்றேன். ஒரு உதவி, நானே ஏத்தி நானே சரிபாத்தா என் தப்பு எனக்குத் தெரியாது, வடசிறகை யாராவது தொகுதிய வச்சுக்கிட்டு என் ஃபைலோட ஒப்பிட்டுப் பாக்க முடியுமா?

மாதோட்டம்:

நான் பாக்கிறன். தொகுதி என்னட்ட இருக்கு, வடசிறகை எனக்கு அனுப்புங்கோ.

பானையோடு:

வடக்குத் தளிச்சேரி ரெண்டு சிறகையும் நான் எடுத்துக்கறேன், மழைக்கு குழிய மூடி வச்சிருக்கோம், ரெண்டு வாரம் கை சும்மாதான் இருக்கு.